கைப்பிடி ஏற்கும் நிறம்

பட்டு நூலுக்கு ஏறும் அமிலச் சாயம் நைலான் கைப்பிடிக்கும் ஏறும். காஞ்சிபுரத்துச் சாயக்காரர் கொதிக்கும் தொட்டியில் பட்டுச் சிட்டத்தைத் தோய்த்துப் புரட்டுவதும், எங்கோ ஓர் ஊரில் ஒருவர் தன் மடக்குக் கத்தியின் வெள்ளைப் பிடியைக் கழற்றி, வினிகர் விட்ட சுடுநீரில் சாயம் கரைத்துத் தொங்கவிடுவதும் வேதியியல் கணக்கில் ஒரே வேலை. பட்டு ஒரு புழுவின் வாயிலிருந்து வருவது. நைலான், அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் டூபாண்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், வாலஸ் கரோதர்ஸின் குழு 1935இல் செய்தது. ஆனாலும் இரண்டின் மூலக்கூறுச் சங்கிலியிலும் கண்ணியோடு கண்ணியைக் கோப்பது அதே அமைடு பிணைப்புதான். சங்கிலியின் நுனியில் நிற்கும் அமீன் தொகுதி, வினிகரின் புளிப்பில் நேர்மின்னேற்றம் பெறுகிறது. சாயத்தின் மூலக்கூறு எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. புழுவுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் நடுவே இருக்கும் தூரம் சாயத்துக்குத் தெரிவதில்லை.

கத்திப் பிடியின் நிறத்தை மாற்றுவதை வெறும் அலங்காரம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. பெயின்ட் அடிப்பதைப் பற்றி அப்படிச் சொன்னால் நான் மறுக்கமாட்டேன். பெயின்ட் மேலே உட்கார்வது. கீழே இருப்பது இரும்பா மரமா பிளாஸ்டிக்கா என்று அது அதிகம் விசாரிப்பதில்லை. கை படப்பட உரிந்தும் போகும். சாயம் உள்ளே போக வேண்டும். போவதற்கு இடம் வேண்டும், போன பிறகு தங்குவதற்கு ஒரு பற்று வேண்டும். அதனால் சாயமேற்ற நினைப்பவர் என்ன நிறம் என்று முடிவு செய்வதற்கு முன்பே, இந்தப் பிடி எதனால் ஆனது என்று கேட்டாக வேண்டியிருக்கிறது. அந்தக் கேள்வி ஒருவரை வெகுதூரம் அழைத்துப் போகும். வீசி எறிவதற்கென்றே பிறந்ததாக நாம் நினைக்கும் ஒரு பொருளை, குலமும் கோத்திரமும் உள்ள பொருளாகப் பார்க்க அது பழக்குகிறது. கடைசியில் கிடைக்கும் நிறத்தைக் காட்டிலும் இதுவே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஒரே நிறுவனத்தின் கத்திகளை எடுத்துக்கொண்டாலே போதும். சுவிட்சர்லாந்தில் ஷ்விஸ் நகரை ஒட்டிய ஈபாக்கில் இயங்கும் விக்டோரினாக்ஸின் கத்திகளை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். அங்கே வாழும் ஈழத்தமிழ்ச் சொந்தங்கள் விடுமுறைக்கு வரும்போது சாக்லேட்டோடு கொண்டுவருவது இந்தச் சிவப்புக் கத்தியைத்தான். அதன் 91 மில்லிமீட்டர் நீளமுள்ள பழகிய வடிவத்தில், பளபளக்கும் பிடி செல்லிடார் என்ற பிளாஸ்டிக். இன்னும் பெரிய, 111 மில்லிமீட்டர் கத்திகளுக்குப் பிடி நைலான். பளபளப்புக் குறைவு, பிடிமானம் கூடுதல். அதே நிறுவனம் சமையலறைக்கென்று செய்யும், தக்காளி நறுக்கும் சின்னக் கத்தியின் பிடி பாலிபுரோப்பிலீன். மூன்றையும் ஒரே சாயத் தொட்டியில் போட்டால் மூன்று விதமாக நடந்துகொள்ளும். அமிலச் சாயத்தை நைலான் வாரி எடுத்துக்கொள்ளும். செல்லிடார் அதைப் பெரிதாகச் சட்டை செய்யாது, அதற்கு வேறொரு சாயம் வேண்டும். பாலிபுரோப்பிலீனோ எந்தச் சாயத்துக்கும் இசையாது. கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே கொண்ட அதன் சங்கிலியில் சாயம் பற்றிக்கொள்ள ஒரு கொக்கி கூடக் கிடையாது. நம் வீட்டு வாளியும் நாற்காலியும் எத்தனை வருஷம் ஆனாலும் வாங்கிய நிறத்திலேயே வெளுத்து, அதே நிறத்திலேயே உடைவது இதனால்தான். அவற்றின் நிறம், உருக்கும்போதே கலந்த நிறமித்தூள். பிற்பாடு யாரும் உள்ளே போய் மாற்ற முடியாது.

செல்லிடாரைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், அதற்கு அந்தக் கத்தியின் தொடக்கத்துக்குப் போக வேண்டும். 1884இல் கார்ல் எல்சனர், பின்னாளில் விக்டோரினாக்ஸ் ஆன தன் கத்திப் பட்டறையை ஈபாக்கில் தொடங்கினார். 1891இல் சுவிஸ் ராணுவத்துக்கு முதல் சிப்பாய்க் கத்திகளைக் கொடுத்தார். அவற்றின் பிடி கருத்த மரம். கனமாகவும் முரடாகவும் இருந்த அந்தக் கத்தியோடு அவர் நிறைவடையவில்லை. இன்னும் மெலிதாக, இன்னும் சில கருவிகள் சேர்த்து ஒன்றைச் செய்து, 1897 ஜூன் 12 அன்று பதிவு செய்தார். அதிகாரிகளுக்கான கத்தி என்று பெயர். பின்னாளில் உலகம் முழுக்கப் போன சிவப்புக் கத்தியின் மூதாதை அதுதான். இந்தக் கத்தியை ராணுவம் தன் அதிகாரிகளுக்கு வழங்கவில்லை. வேண்டியவர்கள் சொந்தக் காசில் வாங்கிக்கொண்டார்கள். அரசு கொடுத்த கத்தி சிப்பாய்க் கத்தி. அதன் பிடி மரமாக இருந்து, 1908இல் ஃபைபருக்கு மாறி, 1961இல் வெள்ளி நிற அலுமினியமானது. இன்று பச்சையும் கறுப்புமாக இருக்கிறது. உலகம் ராணுவக் கத்தி என்று அழைக்கும் சிவப்புக் கத்தி, ஆரம்பத்திலிருந்தே தனிமனிதர் விருப்பப்பட்டு வாங்கியது. அதன் பிடியின் நிறத்தில் உரிமையாளர் கை வைப்பதை மீறலாக நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கலாம்.

பிடியின் பொருளும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மரத்துக்குப் பிறகு வல்கனைஸ்டு ஃபைபர். பருத்திக் கந்தலிலிருந்து செய்த தாளைத் துத்தநாகக் குளோரைடில் ஊறவைத்து, அடுக்கடுக்காக அழுத்தி இறுக்கியது அது. அதற்குப் பிறகு செல்லுலாய்டு. நைட்ரிக் அமிலத்தில் மாறிய செல்லுலோஸோடு கற்பூரத்தைச் சேர்த்துப் பிசைந்து செய்தது. அமெரிக்கர் ஜான் வெஸ்லி ஹயாட் 1870இல் காப்புரிமை பெற்ற பொருள். அது எளிதில் தீப்பற்றும். வயதானால் அமில வாயுவைக் கக்கிக்கொண்டு சிதையும். பழைய கத்திகளைச் சேகரிப்பவர்கள் செல்லுலாய்டுப் பிடிகளை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைப்பதில்லை. ஒன்றின் பிடி அழுகத் தொடங்கினால் பக்கத்துக் கத்தியின் அலகும் துருப்பிடிக்கும். செல்லுலாய்டின் இடத்துக்கு வந்தது செல்லிடார். ஜெர்மனியின் பாயர் நிறுவனம் சூட்டிய பெயர். இதுவும் செல்லுலோஸ்தான், நைட்ரிக் அமிலத்துக்குப் பதிலாக அசிட்டிக் அமிலமும் அதன் உறவு அமிலங்களும் சேர்ந்தது. செல்லுலாய்டைப் போல எளிதில் தீப்பற்றாது, பளிங்குபோல மெருகேறும். கருவாலி மரம், பருத்திக் கந்தல், கற்பூரம் கலந்த பிசின், இன்றைய சிவப்புப் பளபளப்பு எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது தாவரத்தின் நார். நூறு வருஷத்துக்கும் மேலாக, பெயர்கள் மாறினாலும், அந்தக் கத்தியைப் பிடித்தவர்கள் மரத்தைத்தான் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் என்றால் பெட்ரோலியம் என்று முடிவுகட்டி வைத்திருந்த எனக்கு இதை அறிந்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

இந்தச் செல்லுலோஸ் வழிவந்த பிளாஸ்டிக்குக்குச் சாயமேற்றுவது ஒருகாலத்தில் யாராலும் முடியாத காரியமாக இருந்தது. அதைத் தீர்த்த கதையும் சுவிட்சர்லாந்தைத் தொட்டுக்கொண்டுதான் போகிறது. பாசல் நகரத்தைச் சேர்ந்த கமீல், ஆன்ரி ட்ரேஃபுஸ் சகோதரர்கள் செல்லுலோஸ் அசிடேட்டைத் தொழிலளவில் செய்யக் கற்றவர்கள். முதல் உலகப் போரில் விமானங்களின் இறக்கைகள் மரச்சட்டத்தின் மேல் இழுத்துக் கட்டிய துணியால் ஆனவை. அந்தத் துணியை விறைப்பாக்கப் பூசும் மெருகெண்ணெய்க்கு அவர்களுடைய அசிடேட் தேவைப்பட்டது. அதற்காக இங்கிலாந்தில் பெரிய ஆலை எழுந்தது. போர் முடிந்தது, ஆலை நின்றது. மிஞ்சிய பொருளை நூலாக இழுத்துச் செயற்கைப் பட்டு என்று விற்கப் பார்த்தார்கள். நூல் அழகாக வந்தது. சாயம் மட்டும் ஏறவில்லை. பருத்திக்கு ஏறுவது இதற்கு ஏறவில்லை, கம்பளிக்கு ஏறுவதும் ஏறவில்லை. நிறமில்லாத துணியை யார் வாங்குவார்?

1920களின் தொடக்கத்தில் விடை கிடைத்தது. அதுவரை சாயம் என்றால் நீரில் கரைய வேண்டும் என்பதே எல்லோருடைய எண்ணமும். அசிடேட்டுக்கென்று பிறந்த புதிய சாயங்கள் நீரில் அநேகமாகக் கரையாதவை. நுண்ணிய துகளாக அரைத்து, சோப்பு போன்ற ஒன்றின் துணையோடு நீரில் பரவவிட்டால், அவை நீரை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்குக்குள் போய்க் கரைந்தன. திடப்பொருளே கரைப்பானாகிவிடுகிறது. டிஸ்பர்ஸ் சாயம் என்று நம் ஊர்ச் சாயப்பட்டறைகளில் இன்று சொல்வது இதைத்தான். பிற்காலத்தில் பாலியெஸ்டர் வந்தபோது அதற்கும் இதுவே கைகொடுத்தது. கண்ணாடிக் கடையில் பிளாஸ்டிக் லென்ஸுக்குக் கூலிங் கிளாஸ் நிறம் ஏற்றுவதும் பெரும்பாலும் சூடான டிஸ்பர்ஸ் சாயத்தில் முக்கித்தான். வெள்ளைச் செல்லிடார் பிடியை ஒருவர் இன்று இந்தச் சாயத்தில் போட்டு ஊதாவாக எடுக்கும்போது, விமான இறக்கையில் தொடங்கி முடியாமல் நின்றுபோன ஒரு வேலையின் தீர்வைத் தன் அடுப்பில் திரும்பச் செய்துபார்க்கிறார்.

செய்முறை எளிது. கவனம்தான் வேண்டும். சுவிஸ் கத்தியில் பிடி, பித்தளை ஆணிகளின் தலையில் அழுத்திப் பொருத்தியது. மெல்லிய தகட்டை இடையில் செருகி நிதானமாக நெம்பினால் கழன்று வரும். பல்குத்தியையும் முள்வாங்கியையும் முன்பே உருவிவிட வேண்டும். அமெரிக்கக் கத்திகள் பலவற்றில் திருகாணி இருப்பதால் இன்னும் சுலபம். கையின் எண்ணெய் எங்கே படிந்திருக்கிறதோ அங்கே சாயம் திட்டாக நிற்கும் என்பதால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவது முக்கியம். அமெரிக்காவில் மளிகைக் கடையிலேயே கிடைக்கும் ரிட் என்ற வீட்டுச் சாயத்தைத்தான் இந்த விருப்பமுள்ளவர்கள் அதிகம் எடுக்கிறார்கள். அதன் சாதாரண வகையில் பருத்திக்கான சாயமும் நைலானுக்கான அமிலச் சாயமும் ஒன்றாகவே கலந்திருக்கும். பருத்தி தனக்குரியதை எடுத்துக்கொள்ளும், நைலான் தனக்குரியதை. செயற்கை இழைகளுக்கென்று அவர்கள் தனியாக விற்பது டிஸ்பர்ஸ் சாயம். செல்லிடாருக்கு அதுதான்.

நைலானும் செல்லிடாரும் வேறுபடுவது சூட்டில்தான். குளிர்ந்த நீரில் எதுவும் நடக்காது. சூடு ஏறும்போது சங்கிலிகள் தளர்ந்து அசையத் தொடங்குகின்றன, இடைவெளி பிறக்கிறது, சாயம் நுழைகிறது. நீரைக் குடித்துக்கொள்ளும் இயல்பு நைலானுக்கு உண்டு. நிறைவாக ஊறினால் தன் எடையில் எட்டு ஒன்பது விழுக்காடு வரை நீர் அதற்குள் போகும், அந்த நீரும் வழியை விரிக்கும். கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்தால் அது வளையாமல் நிற்கும். செல்லிடாரை அந்தச் சூட்டில் விட்டால் முறுக்கிக்கொள்ளும். பிறகு ஆணியில் உட்காராது. அதற்கு இளஞ்சூடும் நீண்ட நேரமும்தான். இந்த நேரத்தை எந்தப் புத்தகமும் சரியாகச் சொல்ல முடியாது. எடுத்து, குளிர்ந்த நீரில் கழுவி, பகல் வெளிச்சத்தில் பார்த்து, போதாது என்றால் திரும்பப் போட வேண்டும். ஈரத்தில் ஒரு நிழல் கூடுதலாகத் தெரியும், காய்ந்தால் குறையும்.

திரும்ப வர முடியாத பாதை இது என்பதையும் சொல்ல வேண்டும். சாயம் கூட்டத்தான் செய்யும். வெள்ளையிலிருந்து மஞ்சளுக்குப் போகலாம், மஞ்சளிலிருந்து பச்சைக்கு, பச்சையிலிருந்து கறுப்பை ஒட்டிய ஏதோ ஒன்றுக்கு. கறுப்புப் பிடியிலிருந்து எங்கும் போக முடியாது. நீலப் பிடியை வைத்துக்கொண்டு ஆரஞ்சுக்கு ஆசைப்பட முடியாது. கீழே இருக்கும் நிறம் மேலே வருவதோடு கலந்தே தீரும். அதனால்தான் சாயமேற்றுகிறவர்கள் வெள்ளையையும் வெளிர்ச் சாம்பலையும் நிறமி சேர்க்காமல் விட்ட பிடிகளையும் தேடி வாங்குகிறார்கள். கொலராடோவின் கோல்டன் நகரத்து ஸ்பைடர்கோ போன்றவர்கள் செய்யும் நைலான் பிடிகளில் கண்ணாடி இழை கலந்திருக்கும். பிடி வளையாமல் இருக்க அது வேண்டும். கண்ணாடி சாயம் குடிக்காது. உற்றுப் பார்த்தால் நிறத்துக்குள் வெளிறிய மயிரிழைகள் ஓடுவது தெரியும். இதைக் குறையாகச் சொல்லிப் பலர் வருந்துகிறார்கள். எனக்கு அது பிடிக்கும். பிடி தன் உள்கட்டைத் தானே காட்டுகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் ஒரே சீரான நிறத்தில் எந்தப் பொருளும் வாயைத் திறப்பதில்லை.

இந்த இடத்தில் நிறுவனங்களின் வசதியான ஏற்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வோர் ஆண்டும் புதுப்புது நிறங்களில் பிடிகள் வருகின்றன. பெயர் பொறித்துத் தருகிறார்கள், படம் அச்சிட்டுத் தருகிறார்கள். வாங்குபவர் பட்டியலில் ஒன்றைத் தொட்டால் போதும். அதை நான் பழிக்கவில்லை. பேத்தியின் பெயர் பொறித்த கத்தியை வைத்திருக்கும் ஒரு தாத்தாவுக்கு அது விலைமதிப்பற்றதுதான். ஆனால் பட்டியலில் நிறத்தைத் தேர்ந்தவருக்கும் பிடிக்கும் நடுவே எந்தப் பேச்சும் நடக்கவில்லை. பிடி என்ன சொல்கிறது என்று அவர் கேட்க நேரவில்லை. சாயத் தொட்டியின் முன் நின்றவர் அடர்நீலம் கேட்டிருப்பார். நைலான் அதைக் கொஞ்சம் ஊதாவாகத் திருப்பிக் கொடுத்திருக்கும். வணிகச் சாயம் பெரும்பாலும் ஒரே வண்ணமாக இருப்பதில்லை. நீலத்துக்குள் ஒரு சிவப்பும் இருக்கும். அந்தச் சிவப்பை இந்தப் பிளாஸ்டிக் முந்தி இழுத்துக்கொண்டால் முடிவு மாறும். கேட்டதற்கும் கிடைத்ததற்கும் நடுவிலுள்ள அந்தச் சிறிய விலகலில் பொருளின் விருப்பமும் கலந்திருக்கிறது. கையால் வேலை செய்கிற யாருக்கும் இது தெரியும். மண்ணைச் சுடுகிறவருக்குத் தெரியும், தோலைப் பதனிடுகிறவருக்குத் தெரியும். பிளாஸ்டிக்கோடு நமக்கு அப்படியொரு உறவு இருந்ததே இல்லை. அச்சில் வார்த்து, பெட்டியில் போட்டு, முடிந்துபோன பொருளாகவே அது நம்மிடம் வருகிறது. அதை மறுபடி முடியாத பொருளாக்கிப் பார்க்கும் வழிகளில், வெந்நீரும் வினிகரும் கொஞ்சம் சாயமும் மட்டுமே கேட்கும் இந்த வழி எவ்வளவு எளிமையானது!

நிறம் நிலைக்குமா என்றால், ஓரளவு. சாயம் மேற்பரப்பிலிருந்து மெல்லிய ஆழத்துக்குத்தான் இறங்கியிருக்கும். நெசவுத் துறையில் இழையின் வெளிவட்டத்தில் மட்டும் சாயம் நிற்பதை வளையச் சாயம் என்பார்கள், கத்திப் பிடியில் நடப்பதும் அதுதான். சாவிக்கொத்தோடு பையில் உரசினால் விளிம்புகளில் பழைய வெள்ளை எட்டிப் பார்க்கும். வெயிலில் விட்டால் வெளுக்கும், சில நிறங்கள் சீக்கிரமாகவே. அலகை யாரும் தொடுவதில்லை. எஃகின் கடினம் உலைக்களத்தில் தீர்மானமானது, உரிமையாளர் கூர்மைக்காகச் சாணை பிடிப்பதோடு சரி. சுவிஸ் கத்தியின் பிடியில் பதித்த சிலுவைச் சின்னம் உலோகமாக இருந்தால் சாயத்திலிருந்து அது அப்படியே மீண்டு வரும், புது நிறத்தின் நடுவே பழைய பளபளப்போடு.

மிஞ்சும் சாய நீரைப் பற்றி இந்த வேலையை விரும்புகிறவர்கள் போதுமான அளவு பேசுவதில்லை என்று நினைக்கிறேன். சாய நீர் ஆற்றில் இறங்குவதை நேரில் கண்ட ஊர் பாசல்; செயற்கைச் சாயத்தால் வளர்ந்த ஊரும் அதுவே. 1859இல் அலெக்சாண்டர் கிளாவெல் என்ற பட்டுச் சாயக்காரர் அங்கே ஃபுக்சின் என்ற செஞ்சாயத்தைச் செய்யத் தொடங்கினார். சீபா, கெய்கி, சாண்டோஸ் என்ற அவ்வூர் நிறுவனங்கள் எல்லாம் சாயம் விற்றே பெரிதானவை, மருந்துகள் பின்னால் வந்தவை. 1986 நவம்பர் 1 அன்று அந்த நகரை ஒட்டிய ஷ்வைட்சர்ஹாலேயில் சாண்டோஸின் கிடங்கு தீப்பிடித்தது. தீயணைக்கக் கொட்டிய நீர், பூச்சிக்கொல்லிகளையும் ஒரு சிவப்புச் சாயத்தையும் அடித்துக்கொண்டு ரைன் நதியில் இறங்கியது. நதி சிவந்தது, விலாங்குகள் கூட்டம்கூட்டமாகச் செத்து மிதந்தன. கொன்றவை பூச்சிக்கொல்லிகள், ஆனால் ஊர் கண்ணால் பார்த்தது சாயத்தை. திருப்பூரின் நொய்யல் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே ஓடியது பருத்திக்கான வேறு வகைச் சாயமும், அதை ஏற்றுவதற்கென்று மூட்டைமூட்டையாகக் கொட்டிய உப்பும். கழிவை முழுமையாகச் சுத்திகரிக்காத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் 2011 ஜனவரியில் உத்தரவிட வேண்டிவந்தது.

ஒரு கத்திப் பிடிக்காகக் கரைக்கும் சாயத்தை இவற்றின் அளவோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் ஒரு பிடி எடுத்துக்கொள்வது மிகச் சொற்பம். கரைத்ததில் பெரும்பகுதி பாத்திரத்திலேயே நிற்கும். அமிலச் சாயத்தில் இதற்கு நல்ல வழி உண்டு. சூடும் புளிப்பும் இருக்கும்வரை நைலானும் கம்பளியும் பட்டும் நீரிலிருந்து சாயத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். பிடியை வெளியே எடுத்த பிறகு அடுப்பை அணைக்காமல், பழைய நைலான் கயிறு, கிழிந்த காலுறை, கம்பளி நூலின் மிச்சம் என்று கையில் கிடைப்பதைப் போட்டுவைக்கலாம். நீர் வெளிறும்வரை போட்டுக்கொண்டே இருக்கலாம். சமைக்கும் பாத்திரத்தை மட்டும் இதற்கு எடுக்கக் கூடாது.